வேரைத் தோண்டாமல் கிடைக்கும் மஞ்சள்

உத்தராகண்ட் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஒரு பக்கம் நேபாளத்தையும் மறுபக்கம் திபெத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும் மாவட்டம் பித்தோராகர். அதன் வடபகுதியில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது முன்ஸியாரி என்ற சிற்றூர். ரயில் காத்கோதாமோடு நின்றுவிடும். அங்கிருந்து அல்மோரா, பேரிநாக், தல் வழியாக மலைப்பாதையில் ஒரு முழுப் பகல் பயணம். கடைசியாகக் காலாமுனி கணவாயைத் தாண்டி இறங்கினால், எதிரே ஐந்து பனிச் சிகரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குப் பஞ்சசூலி என்று பெயர். சூலி என்றால் அடுப்பு. பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் புறப்படும் முன் திரௌபதி ஐந்து அடுப்பு மூட்டிக் கடைசியாகச் சமைத்த இடம் என்பது ஊர்க்கதை.

இந்த மலைகளில் அடுப்பு சோற்றுக்கு மட்டும் எரிந்ததில்லை. கம்பளி நூலுக்குச் சாயம் காய்ச்சவும் எரிந்தது. கடைச்சாயமும், லூதியானாவிலிருந்து ஏற்கெனவே நிறம் ஏறி வரும் நூலும் பரவிய பிறகு அந்த வழக்கம் வெகுவாகக் குறைந்தது. இப்போது அது மெல்லத் திரும்புகிறது. ஆனால், பழைய நிறத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தால் மலைக்குக் கேடு. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆட்டின் முதுகில் நடந்த வணிகம்

முன்ஸியாரிக்குக் கீழே ஓடுவது கோரி கங்கை. அதன் கரையோடு வடக்கே ஏறிப்போனால் ஜோஹார் பள்ளத்தாக்கு, அதன் உச்சியில் மிலம் கிராமம். 1860-களில் காலடிகளை எண்ணிக்கொண்டே லாசா வரை நடந்து திபெத்தை அளந்த நைன் சிங் ராவத் பிறந்த பள்ளத்தாக்கு இதுதான். இங்கே வாழும் சௌகா மக்களை வெளியார் போட்டியா என்று அழைக்கிறார்கள். தானியமும் வெல்லமும் துணியும் கொண்டுபோய், திபெத்திலிருந்து உப்பும் வெண்காரமும் கம்பளி ரோமமும் கொண்டுவருவது இவர்கள் தொழில். செம்மறியும் வெள்ளாடும்தான் சுமை வண்டிகள். இரு பக்கமும் சிறு பைகள் தொங்க, அவை கணவாய்களைத் தாண்டிப் போய்வந்தன.

1962-ம் ஆண்டுப் போரோடு அந்த வழி அடைபட்டது. கோடையில் மக்கள் நிறைந்திருந்த மேல் கிராமங்கள் காலியாகின. மந்தைகள் சுருங்கின. ஆண்கள் வேலை தேடிக் கீழே இறங்கினார்கள். பெண்களிடம் மிஞ்சியது தக்கிளியும் தறியும். முன்ஸியாரியை அடுத்த தர்கோட் கிராமத்தில் இன்றும் சால்வையும் போர்வையும் நெய்கிறார்கள். 'தன்' எனப்படும் முடிச்சுக் கம்பளத்துக்கும், 'துல்மா' எனப்படும் தடித்த கம்பளிப் போர்வைக்கும் 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு முன்ஸியாரி ராஜ்மாவுக்கும் கிடைத்தது.

வேர் கொடுத்த நிறம்

பழைய கம்பளங்களில் மஞ்சளும் சிவப்பும் வேரிலிருந்து வந்தவை. சிவப்புக்கு மஞ்சிஷ்டா கொடியின் வேர். மஞ்சளுக்கு 'டோலு' என்ற செடியின் வேர். டோலு, ருபார்ப் குடும்பத்தைச் சேர்ந்தது. மரக்கோட்டுக்கு மேலே, பனி உருகும் புல்வெளிகளில் வளரும். அதன் தடித்த வேரைப் படிகாரம் ஏற்றிய நூலோடு காய்ச்சினால் அழகான மஞ்சள் வரும். வெயிலையும் ஓரளவு தாங்கும்.

சிக்கல் இங்கேதான். வேரை எடுத்தால் செடி போய்விடும். குளிர் நிலத்தில் ஒரு செடி வேர் பருக்கப் பல ஆண்டுகள் ஆகும். அடிபட்ட வீக்கத்துக்கு மருந்தாகவும் டோலு வேரைத் தோண்டுகிறார்கள். சொந்த வீட்டுக்கு இரண்டு போர்வை நெய்த காலத்தில் புல்வெளி தாங்கியது. 'இயற்கைச் சாயம்' என்று எழுதி நகரத்துக் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கினால் தாங்காது. இயற்கைச் சாயம் என்பதாலேயே அது இயற்கைக்கு நல்லது என்று ஆகிவிடாது. அந்த நிறம் செடியின் எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்.

தோலும் ஓடும் களையும்

வேருக்குப் பதில் என்ன? பதில் சமையலறைக் கூடையிலும் தோட்டத்து ஓரத்திலும் கிடக்கிறது.

முதலாவது, அக்ரூட் காயின் பச்சைத் தோல். ஆவணி, புரட்டாசி மாதங்களில் அக்ரூட் உதிரும்போது பருப்புள்ள கொட்டையை எடுத்துக்கொண்டு மேல்தோலை எறிந்துவிடுவார்கள். அந்தத் தோலை உரித்த கை பல நாள்களுக்குக் கறுத்தே இருக்கும். கையில் ஒட்டும் அதே பொருள்தான் கம்பளியிலும் ஒட்டுகிறது. படிகாரம்கூடத் தேவையில்லை. மூன்று, நான்கு நாள் ஊறவைத்துக் காய்ச்சினால் நல்ல பழுப்பு நிறம்.

இரண்டாவது, மாதுளைத் தோல். குமாவோனின் கீழ்ப் பள்ளத்தாக்குகளில் காட்டு மாதுளை நிறைய உண்டு. விதையைப் புளிப்புக்காகக் காயவைக்கிறார்கள், தோல் மிச்சம். துவர்ப்பு மிகுந்த இந்தத் தோல் மங்கலான மஞ்சள் தரும். நிறமும் எளிதில் போகாது.

மூன்றாவது, வெங்காயச் சருகு. சமவெளியிலிருந்து மூட்டை மூட்டையாக வெங்காயம் மலையேறி வருகிறது. அதன் உலர்ந்த மேல்தோல் பொன் மஞ்சள் முதல் ஆரஞ்சு வரை நிறம் தரும். ஒளிர்வில் டோலு மஞ்சளுக்குச் சளைத்ததல்ல. ஆனால், நீண்ட நாள் வெயிலில் சற்று மங்கும். அதனால் வெங்காயத் தோலோடு மாதுளைத் தோலையும் சேர்த்துக் காய்ச்சுவது நல்லது. பளிச்சென்ற நிறத்தை ஒன்று தரும்; அதை நிலைக்க வைக்க மற்றொன்று உதவும்.

முன்ஸியாரி போகும் வழியில், பேரிநாக் அருகே திரிபுராதேவியில் இயங்கும் 'அவனி' அமைப்பு இன்னொரு வழியையும் காட்டியிருக்கிறது. காட்டை மூடிப் பரவும் யூபடோரியம் என்ற அந்நியக் களையையே அறுத்துக் கம்பளிக்கும் பட்டுக்கும் சாயமாக்குகிறார்கள். இங்கே எவ்வளவு அறுத்தாலும் காட்டுக்கு லாபம்தான்.

தராசு இல்லாமல் சாயம் இல்லை

தோலைக் கொதிக்கவைத்து நூலை முக்கினால் நிறம் வரும். அடுத்த முறை அதே நிறம் வராது. ஒரு சால்வைக்குப் பத்துச் சிட்டம் நூல் தேவை. பத்தும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். அதற்குக் கண்ணளவு உதவாது. எல்லா அளவையும் உலர்ந்த நூலின் எடையை வைத்தே கணக்கிட வேண்டும். 1 கிலோ கம்பளி நூலுக்கான கணக்கு இது.

முதலில் கழுவுதல். ரோமத்தில் உள்ள எண்ணெய்ப் பசை போகாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பூந்திக்கொட்டையை ஊறவைத்த வெதுவெதுப்பான நீரில் நூலை அமிழ்த்தி, அலசி எடுக்க வேண்டும். தேய்க்கவும் முறுக்கவும் கூடாது. சூட்டிலிருந்து சட்டென்று குளிர்ந்த நீருக்கு மாற்றினாலும் கம்பளி சுருங்கித் திரண்டுவிடும்.

இரண்டாவது படிகாரம். 100 முதல் 150 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, 25 முதல் 30 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். ஈரமான நூலை அதில் இட்டு மெல்லச் சூடேற்றி, 80 டிகிரி செல்சியஸ் அளவில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைத்து, அதே நீரில் ஆறவிட வேண்டும். படிகாரம்தான் நூலையும் நிறத்தையும் பிணைக்கும் கயிறு. அதிகம் போட்டால் அதிகம் பிடிக்கும் என்பதில்லை, நூல் பிசுபிசுக்கும்.

மூன்றாவது சாயம். உலர்ந்த வெங்காயத் தோல் அரைக் கிலோ என்றால் இளமஞ்சள். ஒரு கிலோ என்றால் ஆழ்ந்த ஆரஞ்சு. தோலை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவிட்டு, படிகாரம் ஏற்றிய நூலை இட்டு மறுபடி மெல்லச் சூடேற்ற வேண்டும். கொதி வரக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து அடுப்பை அணைத்து, இரவு முழுவதும் அதிலேயே விட்டுவிடலாம். பிறகு அலசி நிழலில் உலர்த்த வேண்டும். மாதுளைத் தோல் என்றால் 300 முதல் 500 கிராம் போதும்.

அதே நூலைப் பாசி நிறமாக்க வேண்டுமானால், கடைசியில் 20 கிராம் அன்னபேதி கலந்த நீரில் சில நிமிடம் நனைத்தால் போதும். நிலக்கடலையில் இரும்புச் சத்துப் பற்றாக்குறைக்குத் தெளிக்கிறோமே, அதே அன்னபேதிதான். அளவு கூடினால் நூல் பொடிந்துபோகும். மயில்துத்தமும் குரோமிய உப்புகளும் நிறத்தை அழுத்தமாக்கும் என்று சிலர் சொல்வார்கள். அவை நஞ்சு; வீட்டு முற்றத்துக்கு வேண்டாம்.

எவர்சில்வர் பாத்திரமே நல்லது. இரும்பும் செம்பும் நிறத்தை மாற்றிவிடும். சாயத்துக்கு என்று ஒதுக்கிய பாத்திரத்தில் பிறகு சமைக்கக் கூடாது. மிஞ்சிய படிகார நீரை ஊற்றிலும் ஓடையிலும் கொட்டாமல், குறைந்த படிகாரத்தைச் சேர்த்து அடுத்த நூலுக்குப் பயன்படுத்தலாம். வெறும் தண்ணீரில் வெந்து வடிகட்டிய தோல் எருக்குழிக்குப் போகலாம்.

ஏமாற்றும் நிறங்கள்

எல்லாக் கழிவும் சாயமாகாது. பீட்ரூட் தோலைப் பார்த்தால் இதைவிட நல்ல சாயம் இல்லை என்று தோன்றும். அதன் சிவப்பு கம்பளியில் நிற்காது. சில சலவையிலும் வெயிலிலும் போய்விடும். சிவப்பு முட்டைக்கோஸ் நீலம் காட்டும்; எலுமிச்சைச் சாறு பட்டால் இளஞ்சிவப்பாகும். கீரையைக் காய்ச்சினால் பச்சை வராது. இலைப்பச்சை தண்ணீரில் கரைவதில்லை. மஞ்சள்தூள் அன்று பளபளக்கும், வெயிலில் வெளுக்கும். பொதுவாகச் சொன்னால், துவர்ப்புள்ள தோலும் ஓடும் கைவிடாது. கண்ணைப் பறிக்கும் சாறுகளை நம்பக் கூடாது.

சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். ஓர் அட்டையில் நூலைச் சுற்றி, பாதியை இன்னோர் அட்டையால் மூடி, இரண்டு வாரம் வெயிலில் வைக்க வேண்டும். திறந்து பார்த்தால் இரு பாதிக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். விற்பவர் இந்த அட்டையை வாங்குபவரிடமும் காட்டலாம். 'வெங்காயத் தோல் சாயம். வெயிலில் காயவைக்காதீர்கள்' என்று சொல்லி விற்ற சால்வைக்கு மறுமுறையும் ஆள் வருவார். சொல்லாமல் விற்று வெளுத்துப்போனால், கெட்ட பெயர் அந்த ஒரு வீட்டோடு நிற்காது. மலையின் கம்பளிக்கே வரும்.

நம் மலைகளுக்கும் பொருந்தும்

தமிழ்நாட்டிலும் கம்பளி தரும் ஆடுகள் உண்டு. மென்மையான ரோமம் உள்ள நீலகிரி செம்மறி இனத்தை ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் பேணிவருகிறார்கள். மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் இருக்கிறது. குமாவோன் காட்டை மூடிய அதே யூபடோரியம் களை நீலகிரியிலும் பழனி மலையிலும் மண்டிக்கிடக்கிறது. வெங்காயத் தோலுக்கோ நம் மண்டிகளில் பஞ்சமே இல்லை. ஒரு வீட்டுச் சமையலறையில் ஒரு மாதம் சேர்த்தாலும் சில கைப்பிடிதான் தேறும். வெங்காயக் கிடங்கிலும் விடுதிச் சமையல்கூடத்திலும் கேட்டால் சாக்குக் கணக்கில் கிடைக்கும்.

முயன்று பார்க்க நினைப்பவர்கள் சிறிதாகத் தொடங்கலாம். 100 கிராம் கம்பளி நூல், 10 முதல் 15 கிராம் படிகாரம், 100 கிராம் வெங்காயத் தோல், மூன்று லிட்டர் தண்ணீர். ஒரு நோட்டில் எடை, நேரம், சூடு மூன்றையும் எழுதி, பக்கத்தில் ஒரு துண்டு நூலை ஒட்டிவைக்க வேண்டும். நிறம் பிடித்திருந்தால் அந்தப் பக்கத்தைப் பார்த்து மறுபடி செய்யலாம். பிடிக்காவிட்டாலும் நஷ்டம் பெரிதில்லை. போனது குப்பைக்குப் போகவிருந்த தோல்தானே. எந்த மலையிலும் ஒரு வேர்கூடக் குறையவில்லை.