எந்தத் தெரு என்று கேட்ட பிறகுதான் பையைத் திறந்தார்கள்

தோழர்களே, ஏழு வருடங்களாக யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

அது கரும்பு வெட்டு தொடங்கியிருந்த மாதம். கொல்லுப் பட்டறையில் தீட்டக் கொடுத்திருந்த அப்பாவின் வெட்டுக் கத்தியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, நானும் தம்பியும் பைக்கில் வந்துகொண்டிருந்தோம். முக்குரோட்டில் வண்டி செக்கிங். பக்கத்தில் எங்கோ நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார்களாம், அதற்காக ஆயுதம் தேடுகிறார்கள் என்றார்கள்.

எங்களுக்கு முன்னால் கட்சிக் கொடி கட்டிய கார் ஒன்று நின்றது. கண்ணாடி இறங்கியது, ஒரு வணக்கம், கார் போய்விட்டது. அடுத்து நாங்கள்.

"எந்த ஊர்றா?"

சொன்னோம்.

"ஊரா, காலனியா?"

இந்தக் கேள்விக்குப் பிறகுதான் பையைத் திறந்தார்கள். சட்டைப் பையில் கை விட்டார்கள். தம்பியின் இடுப்பைத் தடவிப் பார்த்தார்கள். சாக்கைப் பிரித்ததும், "இது எதுக்குடா?" என்று கேட்டார்கள். கரும்பு வெட்டுகிற ஊரில் கரும்புக் கத்தி எதற்கு என்ற கேள்வி!

தம்பி அப்போது இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வை முடித்திருந்தான். ஒரு வழக்கு விழுந்தால் அத்தோடு முடிந்தது. நான் அவசரமாக என் அலுவலக அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். சமூகப் பணியாளர், எம்.ஏ. சமூகவியல். அதைப் பார்த்ததும் 'டா' போய் 'நீங்க' வந்தது. "படிச்சவங்க, முன்னாடியே சொல்ல வேண்டாமா? போங்க" என்றார்கள்.

சாலையோரத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வெட்டு முடிந்து வந்தவர். அவரிடமும் அதே கத்திதான் இருந்தது, அட்டைதான் இல்லை. என்னை ஒரு முறை பார்த்தார். நான் பைக்கைக் கிளப்பிவிட்டேன்.

வகுப்பில் சாதியும் அதிகாரமும் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அன்று சட்டத்தில் ஒரு வரிகூட என் வாயில் வரவில்லை. பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 23ஆம் பிரிவின் கீழ், வாகனங்களை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தைக் காவலர்களுக்குத் தருகிறது. ஆனால் அதே சட்டம் 'ஆயுதம்' என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருட்களை விலக்கிவிடுகிறது. அந்தப் பெரியவரின் கத்தி அவருடைய கூலி.

இன்னொன்றையும் படியுங்கள். 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆம் விதி. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்குள்ள பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்ய வேண்டும், சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதுகாப்புக்காக உரிமம் வழங்கவும் அந்த விதி இடம் தருகிறது. ஆயுதத்தை எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முக்குரோட்டில் அது தலைகீழாக நடக்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல் டெர்ரி வழக்கில், ஒருவர் ஆயுதம் வைத்திருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் கைது செய்யாமலே அவரது உடையைத் தடவிப் பார்க்கலாம் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு நியூயார்க் போலீஸ் 2004 முதல் 2012 நடுப்பகுதி வரை 44 லட்சம் முறை மக்களை நிறுத்தியது. நிறுத்தப்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் கறுப்பின, லத்தீன் மக்கள். நகர மக்கள்தொகையில் இவர்கள் ஏறக்குறைய பாதிதான். தடவிப் பார்த்ததில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதம். 2013இல் நீதிபதி ஷிரா ஷெயின்ட்லின், அந்த நடைமுறை அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார்.

இந்த எண்கள் எப்படிக் கிடைத்தன? ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் போலீஸ் ஒரு படிவம் நிரப்பியாக வேண்டும். அந்தப் படிவங்களே அவர்களுக்கு எதிரான சாட்சியாகின. முக்குரோட்டில் எங்களை நிறுத்தியதற்கு என்ன சாட்சி இருக்கிறது? ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. 'காலனியா?' என்ற கேள்வி எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அதனால் இளைய தோழர்களுக்குச் சொல்வது இதுதான். நிறுத்தினால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள். எந்தச் சட்டத்தின் கீழ் என்று நிதானமாகக் கேளுங்கள். நேரம், இடம், சட்டையில் உள்ள பெயர், கேட்ட கேள்வி ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். பெண்ணைச் சோதிப்பதானால் பெண்தான் சோதிக்க வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் அதை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவைக் கேளுங்கள். நிறுத்திய ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

மறுநாள் காலை அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். இரவு பதினோரு மணிக்கு விட்டிருக்கிறார்கள். கத்தி திரும்பி வரவில்லை. புதுக் கத்தி வாங்கும்வரை வேலைக்குப் போக முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் பேச்சைத் தொடங்குவதற்குள், "நீ நின்னிருந்தா உன் தம்பி வேலையும் போயிருக்கும்யா. விடு" என்றார்.

அவர் விட்டுவிட்டார். என்னால் முடியவில்லை. இப்போது எங்கள் தெருவில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். யாரை எங்கே நிறுத்தினாலும் அதில் எழுதுகிறோம். முதல் பக்கத்தில் இருப்பது அவருடைய கத்தி.

ஜெய்பீம்.