குறட்டை நின்ற நேரம்

அப்பாவின் குறட்டை எங்கள் வீட்டில் நெடுங்காலம் ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருந்து வந்தது. கல்யாண வீடுகளில் அவர் படுக்கும் கூடத்தில் வேறு எவரும் பாய் விரிப்பதில்லை. பிள்ளைகள் நாங்கள் மூவரும் அதற்கு ஆளுக்கொரு உவமை வைத்திருந்தோம்: சரக்கு ரயில், மாவு மில், மழைக்கால மேகம். இடையிடையே அந்த ஓசை சட்டென்று நின்றுபோகும். ‘அப்பாடா’ என்று போர்வையை இழுத்துக்கொள்வோம். அந்த அமைதிக்குள்தான் நாங்கள் உறங்கிப்போவோம்.

அந்த அமைதியில் அப்பாவுக்கு மூச்சே இருந்ததில்லை என்பதை நாங்கள் அறிந்தபோது அவருக்கு வயது 62.

ஒரு மாலை ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவர் கண்ணயர்ந்து சாலைத் தடுப்பில் மோதி விழுந்தார். காயம் பெரிதில்லை. ஆனால் மருத்துவர் காயத்தை விட்டுவிட்டு உறக்கத்தைப் பற்றி விசாரித்தார், அதுவும் அம்மாவிடம். தூங்கும்போது மூச்சு நின்று, பிறகு திணறலோடு தொடங்குகிறதா? “தோளைத் தொட்டா திரும்ப வந்துடும் டாக்டர். முப்பது வருஷமா தொட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்றார் அம்மா. எங்களுக்கு அது புதிய செய்தி.

தலையில் கம்பிகளும் மார்பில் பட்டைகளும் விரல்நுனியில் ஒரு கவ்வியுமாக அப்பா ஓரிரவு பரிசோதனைக் கூடத்தில் உறங்கினார். மூச்சு 10 விநாடிகளாவது தடைபட்டால் அது ஒரு கணக்கு. மணிக்கு 5க்குக் கீழே இருப்பது இயல்பு; 30ஐத் தொட்டால் தீவிரம். அப்பாவுக்கு 47. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. மார்பு முயன்றாலும் காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைய, மூளை அவரை உலுக்கி எழுப்புகிறது. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருப்பதில்லை. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர் சரியாக உறங்கியதேயில்லை. கட்டுக்கடங்காத இரத்த அழுத்தத்திற்கும் இதில் பங்கிருக்கலாம் என்றார் மருத்துவர்.

சிற்றிதழ்களைத் தேடித்தேடி வாங்கிய மனிதர், பின்னாளில் இரண்டு பக்கம் தாண்டுமுன் இதழை மார்பில் கவிழ்த்துக் கண்மூடிவிடுவார். அவருடைய ரசனை வற்றிவிட்டதென்று நாங்கள் முடிவுகட்டியிருந்தோம்.

இப்படிச் சிரித்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல. 1836இல் வெளிவரத் தொடங்கிய டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ஜோ என்ற பருத்த பையன் நின்ற இடத்திலேயே உறங்கிவிடுவான்; வாசகர்கள் ரசித்தார்கள். 1956இல் உடற்பருமனும் பகலுறக்கமும் கூடிய ஒரு சுவாச நோய்க்கு மருத்துவர்கள் பிக்விக்கின் பெயரையே சூட்டினர். அது அப்பாவின் நோய்க்கு நெருங்கிய உறவு, ஆனால் வேறொன்று.

அப்பாவுக்குப் பரிந்துரைத்தது சி-பேப் கருவி. சிட்னியில் காலின் சல்லிவன் உருவாக்கி 1981இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட முறை அது. முகமூடி வழியே சீரான அழுத்தத்தில் வரும் காற்று, தொண்டை மூடிவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. அணிந்திருக்கும்வரைதான் பலன். எடையைக் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், மதுவைத் தவிர்ப்பதும் பலருக்கு உதவுகின்றன. பருமனோடு இந்நோயும் உள்ளவர்களுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா டிர்செபடைடு என்ற ஊசிமருந்தை அனுமதித்தது.

முதல் இரண்டு வாரங்கள் அப்பா நள்ளிரவில் முகமூடியைக் கழற்றி எறிந்தார். “தாத்தாவுக்குத் தும்பிக்கை” என்றாள் பேத்தி. முகமூடியின் அளவை மாற்றி, காற்றுக்கு ஈரம் கூட்டிய பிறகே பழகினார்.

இப்போதும் அம்மா நடுநிசியில் விழித்துக்கொள்கிறார். காற்றின் மெல்லிய சீறலைச் சற்றுநேரம் கேட்டிருந்துவிட்டு, தோளைத் தொடாமலேயே திரும்பிப் படுக்கிறார்.

சென்ற மாதம் அப்பா ஒரு நெடுங்கதையை ஒரே மூச்சில் படித்து முடித்து, அதன் கடைசிப் பகுதியைப் பற்றி எங்களிடம் அபிப்பிராயம் கேட்டார். எங்களில் ஒருவரும் அந்த இதழைப் பிரித்திருக்கவில்லை.