சிவாஜிநகரில் ஒரு பனிக்காலக் காலை

மார்கழிப் பனி விலகாத காலைப் பொழுதில் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டிற்குச் சென்றிருந்தோம். 1927-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கட்டடத்துள் முட்டைக்கோசும் காலிபிளவரும் நூல்கோலும் காரட்டும் குவிந்து கிடந்தன. உடன் வந்த நம் வீட்டுச் சிறுமி, "இவையெல்லாம் எங்கே விளைகின்றன?" என்று கேட்டாள். கைநீட்டிக் காட்ட அருகில் ஒரு தோட்டமும் இல்லை.

1809-இல் ஆங்கிலேயர் இங்குப் பாளையம் அமைத்தனர். அதை நாடி வந்தவர்களின் வழியினரே நம்மவருள் பலர். பாளையத்தார் விரும்பிய சீமைக் காய்களுக்கு, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரின் குளிர் இசைந்தது. கோசு இலை சுருண்டு தலைகட்டவும், காலிபிளவரின் பூ இறுகவும் குளிர் வேண்டும். வெயில் மிகுந்தால் பூ தளர்ந்து சிதறும். ஏரிநீர் பாய்ச்சித் தோட்டப்பயிர் செய்வதில் கைதேர்ந்தவர் தமிழ் பேசும் திகளர். அவ்வேரிகள் பலவும் தோட்டங்களும் இன்று தெருக்களாகிவிட்டன. கோலார், மாலூர்ப் பக்கங்களிலிருந்து காய்கள் லாரியில் வருகின்றன.

நிலம் போயிற்று, பனி போகவில்லை. அன்று மாலையே மொட்டைமாடித் தொட்டியொன்றில் சிறுமியின் கையால் முள்ளங்கி விதைத்தோம். சுமார் 45 நாளில் அவளே பிடுங்குவாள். நம் பிள்ளைகளுக்கு விடை சொல்ல ஒரு தொட்டி மண்ணாவது வேண்டாமா?