பதினோராவது வரி

ஆங்கிலத் தோட்டம் வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தோடு வருவார்கள். கல் சுவரில் ரோஜாக் கொடி, பாதையோரம் லாவெண்டர், நடுவே கம்பளம் விரித்தது போல் புல்தரை. அடையாறில் அந்த வீட்டு அம்மாவும் கைப்பேசியில் அப்படியொரு படத்தைத்தான் காட்டினார். "எனக்கு இது அப்படியே வேணும்."

அப்படியே வராது. சென்னைப் புழுக்கத்தில் லாவெண்டர் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே கஷ்டம். செடிகளை விட்டுவிட்டு, அவற்றை அடுக்கிய யோசனையை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அந்த யோசனை ஒரு பெண்ணுடையது.

கெர்ட்ரூட் ஜீகில் 1843இல் லண்டனில் பிறந்தவர். ஓவியம் படித்தவர். பார்வை மங்கத் தொடங்கியபின் தோட்டமே அவருக்கு முழுநேர வேலையானது. சர்ரேயில் மன்ஸ்டெட் வுட் என்ற தன் இடத்தில் சுமார் 200 அடி நீளம், 14 அடி அகலத்தில் ஒரு பூம்பாத்தி அமைத்தார். இரு முனைகளிலும் சாம்பலும் நீலமும் வெள்ளையும். நடுவை நோக்கி வர வர மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. பிறகு மறுபடியும் மெல்ல அடங்கி மறுமுனை. செடிகளை வட்டமாகக் கொத்துக் கொத்தாக நடாமல், நீளமாக, ஒன்றன் ஓரத்தில் ஒன்று நுழைகிற மாதிரி நட்டார். ஒன்று பூத்து ஓய்ந்தால் பக்கத்துச் செடி அந்த இடத்தை மறைத்துக்கொள்ளும்.

எனக்குக் கிடைத்தது 30 அடி நீளமும் 5 அடி அகலமும். இரு முனைகளில் நந்தியாவட்டையும் நீலப் பிளம்பாகோவும் வைத்தேன். அடுத்து டிசம்பர் பூ. பிறகு வெளிர்மஞ்சள் செம்பருத்தி. நடுவில் கனகாம்பரம், இட்லிப்பூ, சிவப்புக் கல்வாழை. பாதிக்கு மேல் என் அம்மாச்சி வீட்டுக் கொல்லையில் இருந்தவை. அம்மாச்சி தினமும் துணி துவைத்த தண்ணீரைத்தான் அவற்றுக்கு ஊற்றுவார். அவரை யாரும் தோட்ட வடிவமைப்பாளர் என்று சொன்னதில்லை.

கட்டணம் பேசும்போது அந்த வீட்டு ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார்: "லேடீஸுக்கு இதெல்லாம் ஒரு ஹாபி மாதிரிதானே மேடம், கொஞ்சம் குறைச்சுக்குங்களேன்."

இப்படிப்பட்ட நேரங்களில் நான் ஃபேனி வில்கின்சனை நினைத்துக்கொள்வேன். 1855இல் பிறந்தவர். ஆண்களுக்கென்று நடந்துவந்த கிரிஸ்டல் பேலஸ் தோட்டக்கலைப் பள்ளியில் இடம் வாங்கிப் படித்தார். லண்டனின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளுக்கு நடுவே 75க்கும் மேற்பட்ட பொதுத் தோட்டங்களை அமைத்தார். 1890இல் திறக்கப்பட்ட வாக்ஸால் பூங்கா அவர் போட்டதுதான். பெண் என்பதற்காகத் தன் கூலியைக் குறைத்துக்கொள்ள மாட்டேன் என்று பேட்டியிலேயே சொன்னவர். நானும் குறைக்கவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மூன்றாம் மாதம் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். புல்தரையில் இரண்டு பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, களைக்கொத்தால் கோரையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 600 சதுர அடிக் கொரியன் புல். அதை அடி அடியாக நகர்ந்து கடக்க வேண்டும். பெரியவரிடம், "அக்கா, கையால பிடுங்கினா சீக்கிரம் முடியாதா?" என்றேன்.

"மேலால பிடுங்கினா நாலு நாள்ல தலை தூக்கிடும் மேடம். கிழங்கோட எடுக்கணும்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த இளைஞனைப் பார்த்தபடி, கோபமில்லாமல் சொன்னார்: "அவனுக்கு 800, எங்களுக்கு 500. நான் கேட்டேன். மேடம் போட்ட கணக்கு அப்படின்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

மேஸ்திரி பொய் சொல்லியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து எஸ்டிமேட்டைத் திறந்தேன். பதினோராவது வரி: 'பராமரிப்பு – ஆண் ஆள் 1, ரூ. 800, பெண் ஆள் 2, ரூ. 500'. நான் அடித்ததுதான். முந்தைய வேலையின் தாளிலிருந்து, அதற்கும் முந்தைய தாளிலிருந்து, ஒவ்வொரு முறையும் நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்ற சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அது வேறு வேலை, இது வேறு வேலை என்று நாம் தப்பித்துக்கொள்கிறோம். இயந்திரத்தைத் தள்ளுவது திறமை, கோரையின் கிழங்கை அறுந்துவிடாமல் எடுப்பது திறமை இல்லை என்று யார் முடிவு செய்தது? அந்தத் தாளில் நான்தான் முடிவு செய்திருந்தேன்.

இங்கிலாந்திலும் கதை அதுவே. 16ஆம் நூற்றாண்டு ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்துக் கணக்குகளிலேயே களை எடுக்கும் பெண்கள் வருகிறார்கள், நாள்கூலிக்குச் சில பென்னிகளோடு. ஆங்கிலத் தோட்டத்தின் பெரிய அழகு, யாரும் கை வைக்காமல் தானாக வளர்ந்தது போலத் தெரிவது. அப்படித் தெரிய வேண்டுமென்றால், ஒருவர் தினமும் கை வைக்க வேண்டும், அந்தக் கை கண்ணில் படவும் கூடாது. ஜீகிலையும் வில்கின்சனையும் மறதியிலிருந்து மீட்டதில் நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் அவர்களிடம் என் கட்டணத்துக்கான நியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கீழே இருந்த வரியைப் படிக்காமல் விட்டிருந்தேன்.

அந்த வீட்டு அம்மாவிடம் பேசினேன். "அவங்களே 500க்கு வராங்க, நீங்க ஏன் ஏத்தறீங்க?" என்றார். புல்தரையைப் பாதியாகக் குறைத்து, மீதியில் கல் பாவி, ஓரத்தில் துளசியும் மருக்கொழுந்தும் வைத்தால் களையெடுக்கும் நாள்கள் குறையும், மாதச் செலவு ஏறாது என்று கணக்குக் காட்டினேன். ஆனால் நாள்கள் குறைந்தால் அக்காவுக்கு என்ன லாபம்? அதனால் செடிகளைக் கவாத்து செய்யும் வேலையையும் அவர்களுக்கே கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் 800 என்று சேர்த்தே கேட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒத்துக்கொண்டார். அடுத்து வந்த ஒரு வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வேலை கைவிட்டுப் போனது. அந்த மாத வாடகையைக் கடன் வாங்கித்தான் கட்டினேன்.

போன வாரம் புதிய வீடு ஒன்றுக்கு எஸ்டிமேட் போடப் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன். 'பெண் ஆள்' அங்கே அப்படியே உட்கார்ந்திருந்தது. அன்று இரவு பழைய கோப்புகள் அத்தனையையும் திறந்து, ஒவ்வொன்றிலும் அந்த வரியைத் தேடி எடுத்தேன்.