டைனிங் டேபிளுக்குக் கால் வெட்டிய கதை

எங்க வீட்டு டைனிங் ஹால்ல யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. சத்தியமா.

2006ல விருதுநகர்ல அப்பா லோன் போட்டு வீடு கட்டினார். பிளான் போட்ட இன்ஜினியர் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல பத்துக்குப் பன்னிரண்டு கட்டம் ஒண்ணு வரைஞ்சு 'டைனிங்'னு எழுதிட்டார். எழுதியாச்சேன்னு ஆறு பேர் உட்கார்ற மாதிரி ஒரு வேங்கை மர மேஜையும் வாங்கிப் போட்டாங்க. ஆனா சாப்பாடு என்னவோ எப்பவும் போல அடுப்படித் தரையில தான், இல்லைன்னா தட்டைத் தூக்கிட்டு டிவி முன்னாடி. மேஜை மேல என்ன இருந்துச்சுன்னு கேக்குறீங்களா? மடிக்காத துணி, ஊறுகாய் ஜாடி, கரண்ட் பில், ரப்பர் பேண்ட் போட்ட காலண்டர் சுருள்.

காலண்டர் எப்படி வந்துச்சுன்னா, அப்பா சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல கணக்கு எழுதிட்டு இருந்தார். ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பம் வந்துச்சுன்னா பொங்கல் வரைக்கும் வேலை சரியா இருக்கும், கடைசி பஸ்ல தான் வீடு வருவார். ஊருக்கெல்லாம் தேதி காட்டின காலண்டர் எங்களுக்கு அப்பாவைக் காட்டவே இல்லை.

மேஜைக்குக் கீழ என்ன இருந்துச்சுங்கிறது தான் முக்கியமான விஷயம். தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடியே சொந்தக்காரங்க போன் வந்துரும். "நீங்க தான் சிவகாசிப் பக்கமாச்சே, ரெண்டு பெட்டி சொல்லி வைங்க." ட்ரெயின்ல பட்டாசு கொண்டுபோகக் கூடாது. அதனால கார்ல வர்றவங்க வந்து எடுக்குற வரைக்கும் எங்க டைனிங் ஹால் தான் குடோன். சுவருக்கு அந்தப் பக்கம் கேஸ் சிலிண்டர்!

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து நடந்தப்ப நான் பத்தாவது. முப்பது பேருக்கும் மேல செத்துப் போனாங்க. அந்த வருஷம் அம்மா ஒரு பெட்டியைக் கூட வாசப்படி தாண்ட விடலை. அடுத்த வருஷம் மறுபடி பெட்டி வந்துச்சு. சொந்தக்காரங்ககிட்ட எப்படி இல்லைன்னு சொல்றது?

சரி, மேட்டருக்கு வர்றேன். போன வருஷம் அப்பா ரிட்டயர் ஆனார். மே மாசம் லீவுக்கு நான் பெங்களூர்ல இருந்து வந்திருந்தேன். அக்காவும் ரெண்டு வாண்டுகளோட வந்திருந்தா. ஹால் முழுக்கக் கார்ட்டூன் சத்தம். பெட்ரூம்ல மதிய வெயில் இறங்கி அனலா கொதிக்குது. அப்பா எங்கேன்னு தேடினா, வாசப்படியில பைக் பக்கத்துல ஒண்டி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அம்மாவுக்கு முட்டி வலி, தரையில உட்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதனால அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிடுறாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நாலு ரூம் இருக்கிற வீட்டுல இந்த ரெண்டு பேரும் நிம்மதியா உட்கார ஒரு இடம் இல்லை.

யோசிச்சுப் பார்த்தா இது எங்க வீட்டுப் பிரச்சனை மட்டும் இல்லை. 1922ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. அதுல இருந்து இந்தக் கரிசல் காட்டுல வீடுன்னா பாதி தொழிற்சாலை தான். சாத்தூர் பக்கம் எங்க ஆச்சி வீட்டுல முன்ரூம் பூரா தீப்பெட்டி காய்ஞ்சுக்கிட்டு இருக்குமாம். அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி குரோஸ் கணக்குல பெட்டி ஒட்டினவங்க. ஒரு குரோஸ்னா 144. இப்பவும் டிவி பார்க்கும்போது அவங்க விரல் சும்மா இருக்காது, பஸ் டிக்கெட் கிடைச்சாக் கூடப் பெட்டி மாதிரி மடிச்சிடும்.

பட்டாசு ஆலையில ஒரு ரூமுக்கு இத்தனை பேர் தான், ரூமுக்கும் ரூமுக்கும் இவ்வளவு இடைவெளின்னு எல்லாத்துக்கும் விதி இருக்கு. வேலை பார்க்குற ரூமுக்கு இவ்வளவு கணக்கு பார்த்த ஊரு, வேலை முடிஞ்சா எங்க உட்கார்றதுன்னு மட்டும் யோசிக்கவே இல்லை. முன்னாடி அதுக்குத் திண்ணை இருந்துச்சு. இப்ப அந்த இடத்துல பைக் நிக்குது.

அப்ப தான் ஐடியா வந்துச்சு. டைனிங் மேஜை ரெண்டரை அடி உயரம். திண்ணை ஒண்ணரை அடி. ஒரு அடி வெட்டினா வேலை முடிஞ்சது!

"பதினஞ்சாயிரம் போட்டு வாங்கின மேஜைடா"ன்னார் அப்பா. "யாராவது விருந்தாளி வந்தா?"ன்னாங்க அம்மா. இத்தனை வருஷத்துல எந்த விருந்தாளி அதுல சாப்பிட்டாங்கன்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

மரவேலை பார்க்குற அண்ணாச்சி வந்து நாலு காலையும் ஒரு அடி அறுத்து, ஆள் படுத்தாத் தாங்கணுமேன்னு அடியில குறுக்குச் சட்டம் அடிச்சுக் கொடுத்தார். 1,800 ரூபாய். மேல போட இலவம் பஞ்சு மெத்தை 3,500. சுவர் ஃபேன் 2,200. ஆக மொத்தம் 7,500. மூட்டைகளை எடுத்தப்ப தான் பின்னாடி ஒரு ஜன்னல் இருந்ததே தெரிஞ்சுது. அதையும் அடுப்படியோட பின்கதவையும் திறந்து விட்டா, பக்கத்து வீட்டு வேப்பமரத்துக் காத்து நேரா உள்ள வருது. இத்தனை வருஷமா ஓசிக் காத்தை மூட்டை போட்டு அடைச்சு வச்சிருக்கோம்!

மூணே விதி. டிவி கூடாது. வாண்டுகளுக்கு அனுமதி இல்லை (ஹால் முழுக்க அவங்களுக்குத் தானே). அட்டைப்பெட்டி எதுவும் உள்ள வரக்கூடாது.

முதல் ரெண்டு நாள் அம்மா அங்க போனாலும் கையில கீரையோட தான் போனாங்க. சும்மா உட்கார்றதுன்னா அவங்களுக்கு என்னவோ தப்பு பண்ற மாதிரி. மூணாவது நாள் மத்தியானம் மூணு மணி இருக்கும், காபி கேட்கலாம்னு போனேன். அப்பா ஓரத்துல உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டுல விரலை வச்சார். பக்கத்துல அம்மா தூங்கிட்டு இருந்தாங்க. எனக்கு விவரம் தெரிஞ்சு அம்மா பகல்ல தூங்கி நான் பார்த்ததே இல்லை. நானே போய்க் காபி போட்டேன். கேவலமா இருந்துச்சு. அப்பா ஒண்ணும் சொல்லாமக் குடிச்சார்.

அன்னைக்கு ராத்திரி அப்பா எண்ணெய் பரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்தார். ரெண்டு பேரும் அந்தத் திண்ணையில எதிரும் புதிருமா உட்கார்ந்து சாப்பிட்டாங்க. ஆக, மேஜையோட காலை வெட்டின பிறகு தான் டைனிங் ஹால்ல டைனிங்கே நடந்துச்சு :-)

புரட்டாசியில வழக்கம் போல போன் வந்துச்சு. "மாமா, ரெண்டு பெட்டி சொல்லி வச்சிருங்க, கார்ல வந்து எடுத்துக்குறோம்." அப்பா யாருக்கும் இல்லைன்னு சொல்லி நான் கேட்டதில்லை. அன்னைக்குச் சொன்னார்.

"வைக்க இடம் இல்லை மாப்ள. அந்த ரூம்ல இப்ப ஆள் இருக்கோம்."