நாக்கின் தீர்ப்பு

கம்பம் பள்ளத்தாக்கிலே பிறந்த நமக்குத் தண்ணீரைப் பற்றிக் கர்வம் அதிகம். 1895-ல் பெரியாற்று ஜலம் மலையைக் குடைந்து வந்த பூமியல்லவா! ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிணற்று ஜலம் உப்பென்று முகம் சுளிப்போம். நமது திராட்சைத் தோட்டத்துக் கிணறோ கற்கண்டென்று பெருமை பேசுவோம்.

சென்ற கோடையில், பிள்ளைகளுக்குப் பாடமாகட்டுமென்று இரண்டு ஜலத்தையும் சீசாக்களில் அடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவைக் கண்டு திடுக்கிட்டோம். ஆண்டிபட்டி ஜலத்தில் உப்பு மிகுதிதான். ஆனால் நைட்ரேட் எல்லைக்குள் இருந்தது. நமது கற்கண்டு ஜலத்திலோ அது, இந்தியத் தரம் விதித்துள்ள லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது! கொடிகளுக்கு இட்ட உரம் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றைச் சேர்ந்திருக்க வேண்டும்.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினாலும் போகாது. பயிருக்கு அது உணவு. பயிரின் வேரை வாட்டுவது உப்புதான். கைக்குழந்தைக்கோ நைட்ரேட், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் குறைத்து, உடலை நீலம் பாயச் செய்யக்கூடியது.

அப்பொழுது நமது தங்கை பிரசவத்திற்கு வந்திருந்தாள். குழந்தையின் பால் புட்டிக்கு அந்த ஜலத்தையே நாம் பெருமையோடு மொண்டு கொடுத்திருந்தோம்! நல்லவேளை, தீங்கொன்றும் நேரவில்லை.

இன்று அந்தக் கிணறு கொடிகளுக்கு மட்டுமே. நாக்கு ருசியைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது. உங்கள் வீட்டுக் கிணற்றையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள்.