சுருக்குப்பைக்குள்ளே ஒரு கத்தி

ஒரு கயிற்றிலிருந்துதான் இது தொடங்கியது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். மண்சரிவு, மூடின ரோட்டு, கரண்ட் இல்லாத ராத்திரிகள். லயத்தை விட்டு வெளியே வந்த சனங்கள் ஒரு மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். நாங்கள் நாலு பேர் அங்கே தார்ப்பாய் கட்டிக்கொடுக்கப் போனோம். தார்ப்பாய் இருந்தது, ஒரு பெரிய சுருள் நைலோன் கயிறும் இருந்தது. வெட்டத்தான் ஒன்றும் இல்லை. ஒருத்தன் பல்லால் கடித்துப் பார்த்தான். ஒருத்தி லைட்டரால் உருக்கப் பார்த்தாள், காற்றில் அது நிற்கவே இல்லை. நாலு பேரிடமும் போன் இருந்தது, பவர் பேங்க் இருந்தது, இயர்போன் கூட இருந்தது. கயிறு வெட்ட ஒரு இரும்புத் துண்டு இல்லை.

மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு அப்பாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, பாக்கு, சுண்ணாம்பு டப்பா எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, விரல் நீளத்துக்கு மடங்கின ஒரு கத்தியை எடுத்து சிமெண்டுத் தரையில் வைத்தார்.

"எடுத்துக்க. கையில குடுத்தா சண்டை வரும்."

பாக்கு சீவுகிற கத்தி. நாலு இழுப்பில் கயிறு அறுந்தது. அன்றைக்கு முழுக்க அதே கத்தியில்தான் கயிறு வெட்டினோம், நிவாரணப் பொதி பிரித்தோம். சாயங்காலம் துடைத்துக் கொண்டுபோய் அதே இடத்தில், தரையில், வைத்தோம். அந்தக் கத்தியை நாங்கள் ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. 'நாமளும் பொக்கெட்டில ஒரு கத்தி வச்சிக்கணும்' என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது.

அதற்குப் பிறகு நடந்தது வழக்கமான கதைதான். யூடியூப்பில் தேடினோம். தினமும் பொக்கெட்டில் கொண்டுபோகிற கத்திகளுக்கென்று அங்கே ஒரு தனி உலகமே இருக்கிறது. கறுப்பு அலகு, ஒரு விரலால் தட்டினால் 'டக்' என்று திறக்கிற பொறி, பெல்ட்டில் மாட்டுகிற கிளிப். பார்க்கப் பார்க்க ஆசை. பஸ் ஏறி கண்டிக்குப் போய், நடைபாதைக் கடையொன்றில் பேர் ஊர் இல்லாத ஒரு கறுப்புக் கத்தியை நாலு பேரும் காசு சேர்த்து வாங்கினோம். உள்ளங்கையை விட நீளமான அலகு. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை வெளியே எடுக்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

முதல் கிழமையே அந்தக் கத்தி வேலையைக் காட்டியது. ஒரு மரக்குச்சியைச் சீவும்போது அலகு மாட்டிக்கொண்டது. வெளியே எடுக்கக் கொஞ்சம் ஆட்டினோம். அலகை நிறுத்தி வைக்க வேண்டிய பூட்டு வழுக்கி, கத்தி கையின் மேலேயே மடங்கியது. பெருவிரலில் மூன்று தையல்.

காயத்தை விடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. எங்களில் ஒருத்தனுடைய தாத்தா கவ்வாத்து வெட்டினவர். வளைந்த கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடியைச் சாய்வாக, பிளவு விழாமல், ஒரே வீச்சில் வெட்டுவார். சாய்வாக வெட்டினால்தான் வெட்டு வாயில் தண்ணீர் நிற்காது, செடி அழுகாது. கத்தியைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை அவர். அந்தக் கறுப்புக் கத்தியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப் போனது.

"இதப் பொக்கெட்டுல வச்சிக்கிட்டு ரோட்டுல போறவன் யாருடா? எங்க காலத்துல பாக்குவெட்டியக் கூட வீட்டுல வச்சிட்டுத்தான் பஸ் ஏறுவோம்."

அவர் சொன்ன காலத்தை நாங்கள் புத்தகத்தில்தான் படித்திருக்கிறோம். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அப்போது ஒருவரை வழக்குப் போடாமலே 18 மாதம் வரைக்கும் தடுத்து வைக்க முடிந்தது. சண்டை வடக்கு கிழக்கில் நடந்தாலும், பஸ்ஸை மறித்து அடையாள அட்டை கேட்கும்போது தோட்டத்துப் பொடியனும் தமிழன்தான். பையைக் கொட்டிக் காட்டும்போது உள்ளேயிருந்து ஒரு கத்தி விழுந்தால், அது பாக்கு வெட்டவா பழம் வெட்டவா என்று விளக்கம் சொல்ல சிங்களம் போதாது. தாத்தா பயந்தது கத்திக்கு இல்லை. "மேக மொகட்டத?", அதாவது 'இது எதுக்கு?' என்ற கேள்விக்குத்தான். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு பைகளைத் திறந்து காட்டித் திரிந்த நாட்கள் எங்களுக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கேள்வி பழைய காலத்தோடு முடிந்துவிடவில்லை.

கத்தியே வேண்டாம் என்று விட்டிருக்கலாம். ஆனால் கயிறு ஞாபகத்தில் இருந்தது. அதனால் தாத்தாவின் கேள்வியையே அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். இந்தக் கத்தியை ஒரு பொலிஸ்காரர் முன்னாலும், ஒரு டீச்சர் முன்னாலும், ஒரு அப்பாயி முன்னாலும் மேசையில் வைத்து, 'இது எதுக்கு' என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா? முடியுமென்றால் வாங்கலாம். காட்ட முடியாத கத்தி பொக்கெட்டுக்கு வேண்டாம். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டதும் மற்றதெல்லாம் தானாகவே தெளிந்தது.

முதலில் நீளம். நாள் முழுக்க நாம் எதை வெட்டுகிறோம் என்று ஒரு கிழமை எழுதி வைத்தோம். கயிறு, உர மூட்டைத் தையல், பார்சல் டேப், கொய்யாப்பழம், பென்சில், செருப்பு வார். ஏழு சென்டிமீட்டர் அலகு இதற்கெல்லாம் தாராளம். பிரித்தானியாவில் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் கொண்டுபோகக்கூடிய மடக்குக் கத்திக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த எல்லை மூன்று அங்குலம், அதாவது ஏழரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. திறந்தால் பூட்டிக்கொள்கிற கத்திக்கு அங்கே அந்தச் சலுகையும் கிடையாது. அது நம்ம நாட்டுச் சட்டம் இல்லை. ஆனால் கருவி எது, ஆயுதம் எது என்று பிரிக்கப் போகிற எவரும் முதலில் அலகைத்தான் அளப்பார்கள் என்பது அதில் தெரிகிறது.

அடுத்தது பூட்டு. மடக்குக் கத்தியில் பொதுவாக இரண்டு சாதி. ஒன்றில் முதுகுப் பக்கமாக ஒரு வில் அலகை அழுத்திப் பிடிக்கும், பூட்டு இருக்காது. நம்ம பழைய பேனாக்கத்தி எல்லாம் இதுதான். இன்னொன்றில் திறந்ததும் அலகு பூட்டிக்கொள்ளும். பூட்டு இருந்தால் விரலுக்குப் பாதுகாப்பு என்பது உண்மை. ஆனால் மட்டமான பூட்டு, பூட்டே இல்லாததை விட ஆபத்து. பூட்டை நம்பி நாம் அழுத்திவிடுவோம். எங்கள் பெருவிரல் சாட்சி. பூட்டு வேண்டுமென்றால் எளிமையானதைப் பாருங்கள். பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் கழுத்துப் பக்கம் ஒரு உலோக வளையம் இருக்கும், திருகினால் பூட்டு, திருப்பினால் திறப்பு. 1890இலிருந்து வருகிற கத்திக்கு அந்த வளையம் 1955இல்தான் வந்தது. பூட்டு இல்லாததை வாங்கினால் ஒரு விதி போதும்: கத்தியால் குத்தாதே, அறு.

மூன்றாவது இரும்பு. காபன் ஸ்டீல் சீக்கிரம் கூராகும், ஆனால் நம்ம ஊர் மூடுபனியில் ஈரத்தோடு விட்டால் மறுநாளே துரு பிடிக்கும். கொழுந்துச் சாறு பட்டால் கறுத்தும் போகும். தேயிலையில் இருக்கிற டனின் இரும்போடு சேர்ந்து அந்தக் கறுப்பைத் தருகிறது. அது துரு இல்லை, துருவைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிற ஒரு போர்வை. தாத்தாவின் கவ்வாத்துக் கத்தி அந்தக் கறுப்பில்தான் இருக்கும், வாய் மட்டும் வெள்ளியாக மின்னும். நாளாந்தம் துடைக்கிற பழக்கம் இருக்கிறவர்களுக்கு அது நல்லது. எங்களை மாதிரி சோம்பேறிகளுக்கு ஸ்டெயின்லஸ்தான்.

கடைசியாக நாங்கள் எடுத்தது ஒரு பழைய சுவிஸ் பேனாக்கத்தி, இரண்டாம் கை. சிவப்புப் பிடி, மடக்கினால் 91 மில்லிமீட்டர், இரண்டு அலகு, டின் வெட்டி, போத்தல் திறப்பான். பூட்டு கிடையாது. இரண்டு கையால் நகத்தைக் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். அதன் சரித்திரமும் எங்களுக்குப் பிடித்திருந்தது. கார்ல் எல்செனர் 1884இல் ஈபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார். 1891இல் சுவிஸ் படைக்குக் கத்தி கொடுத்தார். இன்று உலகமே பார்க்கிற அந்தச் சிவப்பு மாதிரி 1897இல் பதிவானது. விக்டோரினொக்ஸ் என்ற பேரில் இருக்கிற விக்டோரியா அவருடைய அம்மா. படைக்காக வந்த கத்திதான், ஆனாலும் அதைப் பார்த்து யாரும் மிரள்வதில்லை. டின் வெட்டியும் போத்தல் திறப்பானும் பக்கத்தில் இருக்கும்போது 'இது எதுக்கு' என்ற கேள்விக்குக் கத்தியே பதில் சொல்லிவிடுகிறது.

விலையையும் சொல்லத்தான் வேண்டும். 2024 செப்டம்பரில் தோட்டத்து அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபாய் என்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒரு நல்ல கத்தி பல நாள் கொழுந்து. அதனால் புதுசுதான் வேண்டுமென்று நிற்காதீர்கள். பழசை வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா, மடக்கும்போது நடுவில் உட்காருகிறதா, வில் இறுக்கமாக இருக்கிறதா. மழுங்கல் ஒரு குறையே இல்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பூச்சு இல்லாத சொரசொரப்பான ஒரு வட்டம் இருக்குமே, அதில் 20 பாகை சாய்வில் இரண்டு பக்கமும் பத்துத் தடவை இழுத்தால் தக்காளி வெட்டுகிற அளவுக்குக் கூர் வரும். மூட்டுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 பாகைக்குக் கீழே உறையும். இறம்பொடைக் காலைக் குளிரில் போத்தலுக்குள்ளேயே கட்டியாக நிற்கிறது கத்தி மூட்டில் என்ன செய்யும்?

ஒரு விசயத்தில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. லைட் இல்லாத ரோட்டில் வேலை முடிந்து நடந்து வருகிற எங்களில் ஒருத்தி கேட்டாள்: "பாதுகாப்புக்கு வச்சிக்கிட்டா என்ன தப்பு?" நியாயமான கேள்வி. நாங்கள் கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான். பதற்றத்தில் இரண்டு கையால் கத்தி திறக்க நேரம் இருக்காது. திறந்தாலும் பலசாலி அதைப் பிடுங்கினால் ஆபத்து இரட்டிப்பு. 'தற்காப்புக்கு' என்று சொன்ன அந்த நிமிசத்திலேயே அது கருவி இல்லை, ஆயுதம். ரோட்டுக்கு லைட் கேட்பதும், சேர்ந்து நடப்பதும்தான் அதற்கு வழி. அவள் முழுசாகச் சமாதானமாகவில்லை. ரோட்டில் இன்னும் லைட் வரவில்லை, அதனால் அவள் கோபம் சரிதான். கத்தியை வைத்து அதை மூடிவிட முடியாது.

கொண்டுபோகக் கூடாத இடங்களையும் பழகிக்கொண்டோம். பாடசாலை, நீதிமன்றம், விமானத்தில் கைப்பை, வாசலில் சோதனை இருக்கிற தலதா மாளிகை மாதிரி இடங்கள். அந்த நாட்களில் கத்தி வீட்டில் இருக்கும்.

போன மாதம் அந்த அப்பாயியைத் தேடிப் போனோம். தாத்தாவும் வந்தார். சிவப்புக் கத்தியைத் தரையில் வைத்தோம். அவர் எடுத்து, நகத்தால் திறந்து, சுருக்குப்பையிலிருந்து ஒரு பாக்கை எடுத்துச் சீவினார். அப்போதுதான் பக்கத்தில் கிடந்த அவருடைய கத்தியை ஒழுங்காகப் பார்த்தோம். தேய்ந்து தேய்ந்து பாதியாகிப் போன அலகு, சின்ன மரப் பிடி, பூட்டு இல்லை. நாங்கள் மாதக்கணக்காக அளந்து, படித்து, சண்டை போட்டு எடுத்த முடிவெல்லாம் அதிலேயே இருந்தது.

"ஒங்கள எவனும் பஸ்ஸுல மறிச்சிக் கேக்கலயா அப்பாயி, இது எதுக்குன்னு?"

"கேட்டான். ஒரு பாக்க சீவி அவனுக்கே குடுத்தேன்."

தாத்தா அன்றைக்குத்தான் சிரித்தார். அப்பாயி கத்தியை முந்தானையில் துடைத்து, மடக்கி, தரையில் வைத்தார்.

"வெட்டுது. எடுத்துக்க."